ஆச்சி கேட்ட அரக்கு லைனிங்

காரைக்குடியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். அளவு எடுப்பதற்கும் துணியை வெட்டுவதற்கும் முன்னால் என் மேசையில் நடக்கிற பேச்சு எப்போதும் நிறத்தைப் பற்றியதுதான். அந்தப் பேச்சை "எனக்கு இந்தக் கலர் பிடிக்கும்" என்று தொடங்குகிறவர்கள் குறைவு. "எங்க அத்தை ஒண்ணும் சொல்லாத மாதிரி", "வயசுக்குத் தகுந்தாப்புல", "என் நிறத்துக்கு அடிக்காம" என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு ரவிக்கைக்கு வேண்டியது ஒரு மீட்டர் துணி. அந்த ஒரு மீட்டருக்குள் மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு, மகன், மருமகள் என்று அத்தனை பேரும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உடுத்தப் போகிறவளுக்குத்தான் இடம் இருப்பதில்லை.

நிறம் வெறும் மேல்பூச்சு, அதற்குப் போய் இவ்வளவு யோசனையா என்று கேட்பவர்கள் உண்டு. என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. சொந்த வீடு எல்லோருக்கும் வாய்க்காது. படிப்பும் வேலையும் நாம் கேட்டபடி அமைவதில்லை. காலையில் எழுந்து எந்த நிறத்தை மேலே போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவது என்பது பெரும்பாலானவர்களின் கைக்கு எட்டுகிற விஷயம். அதையும் இன்னொருவர் முடிவு செய்கிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

முதலில் தொழிலில் இருந்து ஒன்று. மேட்சிங் துணி எடுக்கப் போகிறவர்கள் கடைக்குள் எரிகிற விளக்கை நம்பக்கூடாது. உள்ளே அச்சு அசலாக ஒத்துப்போன துணி, வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரியும். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. சேலைக்கு ஏற்றிய சாயம் ஒரு கலவை, ரவிக்கைத் துணிக்கு ஏற்றிய சாயம் வேறு கலவை. ஒரு வகை வெளிச்சத்தில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். வெளிச்சம் மாறினால் அந்த ஒற்றுமை கலைந்துவிடும். ஊதா, சாம்பல், காப்பிப்பொடி நிறங்களில் இந்தத் தொல்லை அதிகம். அதனால் நூல்கண்டு பொருத்துவதற்குக்கூட நான் வாசல்படிக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் துணிமேல் நூலைப் பிரித்துப் போட்டுத்தான் பார்ப்பேன். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள். நிறத்தைச் சோதிக்க அதைவிட நல்ல விளக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த வெயிலில் நின்று கண்டாங்கிச் சேலையைப் பார்க்க வேண்டும். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, அரக்கு, கருப்பு. கட்டம், கோடு, கையகலத்துக்கும் மேலே போகிற கரை, தடிமனான பருத்தி. உச்சி வெயிலில் வெளிர் நிறங்கள் எல்லாம் வெளுத்துப்போய் ஒன்றுபோலத் தெரியும்போது, கண்டாங்கியின் அரக்கு மட்டும் தெருக்கோடியில் வருகிற ஆளை இன்னார் என்று சொல்லிவிடும். அந்தக் காலத்து ஆச்சிமார் இதைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு ஊருணிக்குப் போனார்கள், வளவு முற்றத்தில் வற்றல் காயப் போட்டார்கள், வரவு செலவு பார்த்தார்கள். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போய் வருஷக் கணக்கில் திரும்பாத வீடுகளை நடத்தியவர்கள் அவர்கள். அவர்கள் உடுத்திய நிறத்தில் கூச்சம் கொஞ்சமும் இல்லை. கருப்பையும் மஞ்சளையும் நேருக்கு நேர் மோதவிட்டுக் கட்டுகிறவளுக்குத் தன்மேல் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு வெளியூரில் இருந்து சேலையோடு என் கடைக்கு வருகிற பெண்கள் கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்களில் பலர், "ரொம்ப அழுத்தமா இருக்கு, ரவிக்கையாவது லைட்டா இருக்கட்டும்" என்கிறார்கள். கண்டாங்கிக்கு வெளிர் ரவிக்கை போட்டால் சேலையும் சோர்ந்துபோகும், ஆளும் சோர்ந்துபோவார். இதைச் சொல்லியும் கேட்காதவர்களுக்கு அவர்கள் கேட்டபடியே தைத்துத் தருகிறேன். உடுத்துகிறவர் அவர்.

அடுத்ததைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயரும். என் கடைக்கு அம்மாக்கள் பெண் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். பிள்ளை ஆசையாக ஒரு மாம்பழ மஞ்சளையோ ராணி பிங்க்கையோ எடுத்து மேலே வைத்துப் பார்க்கும். அம்மா அதை மெதுவாக வாங்கி மடித்து வைத்துவிட்டு, "இவ கொஞ்சம் நிறம் கம்மி, இதெல்லாம் எடுக்காது, பேபி பிங்க், ஸ்கை ப்ளூ அந்த மாதிரி காட்டுங்க" என்பார். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு துணியை மட்டுமா மடித்து வைத்தார்?

நானும் கருப்புதான். மஞ்சளும் சிவப்பும் கருப்பாக இருக்கிறவர்களுக்கு ஆகாது என்று கேட்டே வளர்ந்தேன். தீபாவளிக்கு எனக்கு வந்த பாவாடைகள் எல்லாம் சந்தனம், வெளிர் நீலம், இல்லாவிட்டால் பெயர் சொல்ல முடியாத ஒரு மங்கல். எங்கள் வீட்டில் என்மேல் பாசம் இல்லாமல் இல்லை. நாலு பேர் பார்வையில் பிள்ளை அடங்கித் தெரியட்டும், யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்தான். சம்பாதிக்கத் தொடங்கியதும் நான் எடுத்த முதல் சேலை நல்ல மஞ்சள், அரக்குக் கரை. அதைக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்த அன்றைக்குத்தான் புரிந்தது, கருப்புத் தோலுக்கு மஞ்சள் எடுக்காது என்பது பொய் என்று. கண்ணுக்கு வேண்டியது வேறுபாடு. இருண்ட தோலுக்குப் பக்கத்தில் அழுத்தமான மஞ்சளை வைத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். சாம்பலையும் மங்கலையும் வைத்தால்தான் தோல் களையிழந்து தெரியும். நம்மை ஒளித்து வைக்கிற நிறங்களையே நமக்குப் பொருத்தமானவை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் கடைப் பலகை மஞ்சள். தைத்த துணியைப் போட்டுத் தருகிற துணிப்பை மஞ்சள். வாரத்தில் பாதி நாள் என் சேலையிலும் மஞ்சள் எங்காவது இருக்கும். தெருப் பிள்ளைகளுக்கு நான் மஞ்சக் கடை அக்கா. பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருவில் தெரியாது, மஞ்சக் கடை என்றால் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பையைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ் ஏறினால் பட்டிக்காட்டு ஆள் என்று இளக்காரமாகப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு பிளாஸ்டிக்குக்கு மாற்றாக 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே தொடங்கியது. பை அதே பை, நிறம் அதே நிறம். பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள்.

நிறத்துக்கு என்று சொந்தமாக மானமும் இல்லை, அவமானமும் இல்லை. வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1921-இல் மதுரையில்தான் காந்தி மேல்சட்டையைத் துறந்து ஒற்றை வேட்டிக்கு வந்தார். 1927-இல் கதருக்காக நிதி திரட்டச் செட்டிநாட்டுக்கும் வந்து ஊர் ஊராகப் பேசினார். கதர் வெள்ளை உடுத்தியவர்களுக்கு அந்த நாளில் கிடைத்த மரியாதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அவர்களாக எடுத்துக்கொண்ட வெள்ளை. அதே ஊர்களில், அதே ஆண்டுகளில், புருஷன் போனதும் பெண்ணின் பெட்டியில் இருந்த கண்டாங்கிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு வெள்ளைச் சீலையைக் கொடுத்தார்கள். சில பெண்களுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. அது கொடுக்கப்பட்ட வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடியில் காயப் போட்டால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

என் கடைக்கு ஓர் ஆச்சி வருவார். அவர் வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆயிற்று. சாம்பல், சந்தனம், மெல்லிய கரை போட்ட வெள்ளை, இவைதான் அவர் கட்டுவது. அதிகம் பேசமாட்டார், கூலியைப் பேரம் பேசமாட்டார், தைத்ததில் குறை இருந்தால் மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார். ஒருநாள் சந்தன நிற ரவிக்கைத் துணியை மேசையில் வைத்துவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உள்ளுக்குள்ள லைனிங் மட்டும் அரக்கு போட்டுருத்தா."

நான் சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று, "எந்தக் கலர் ஆச்சி?" என்றேன்.

"அரக்கு. வெளிய தெரியப் போறதில்ல. எனக்குத் தெரியும்ல."

எனக்கு வந்தது கோபம். எழுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி, பேரன் பேத்தி எடுத்தவர், தனக்குப் பிடித்த நிறத்தைத் துணிக்கு உட்புறமாக ஒளித்து வைத்துக் கேட்கிறார். யார் மேல் கோபப்படுவது? அவர் பிள்ளைகள் நல்லவர்கள், எதையும் தடுத்ததில்லை. "கலர் கட்டுங்க ஆத்தா" என்று மருமகளே சொல்லிப் பார்த்திருக்கிறாராம். ஒருவரும் தடுக்கவில்லை, ஆனாலும் தடை இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஊர் சொன்னது இப்போது அவர் குரலிலேயே அவருக்குள் கேட்கிறது போல.

சரி, வேலை என்று பார்த்தால் அது லேசான வேலை இல்லை. சந்தனத் துணிக்கு அடியில் அரக்கு போட்டால் மேலே சிவப்பு நிழலடிக்கும். அதனால் அவர் கொண்டுவந்த மெல்லிய துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இழை நெருக்கமான கனத்த பருத்தியாக எடுத்து வரச் சொன்னேன். அரக்குச் சாயம் வியர்வையில் இறங்கினால் கக்கத்தில் காட்டிக் கொடுத்துவிடும். லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, மறுபடியும் ஊறவைத்து, தண்ணீர் நிறமில்லாமல் வருகிறவரை விடவில்லை. பருத்தி லைனிங் நனைந்தால் சுருங்கும் என்பதால் எப்படியும் நனைத்துத்தான் வெட்டுவோம், இதற்கு இன்னும் கூடுதல். கழுத்து ஓரத்திலும் கையின் மடிப்பிலும் உள் நிறம் எட்டிப் பார்க்காமல் இருக்க லைனிங்கை ஒரு நூல் அளவு உள்வாங்கித் தைத்தேன். கொக்கிப் பட்டிக்கு மட்டும் சந்தனத் துணியே. அந்த ரவிக்கையை நான் தைத்த கவனத்தோடு கல்யாணப் பட்டுக்குக்கூடத் தைத்ததில்லை.

வாங்க வந்த அன்று ஆச்சி அதை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தார். தையலைச் சோதித்தார். "நல்லா வந்துருக்கு" என்று சொல்லிக் கூலியை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவருக்கு நான் தைக்கிற ஒவ்வொரு ரவிக்கைக்கும் உள்ளே ஒரு நிறம் உண்டு. வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில் கழுத்து. இப்போது அவருடைய சிநேகிதி ஒருவரும் வருகிறார். "அவளுக்குத் தைச்சியாம்ல, அது மாதிரி" என்பார், அதற்கு மேல் விளக்கமாட்டார். நானும் கேட்பதில்லை, நிறத் துண்டுகளை மட்டும் விரித்து வைப்பேன்.

அந்த நிறங்களை வெளியே கட்டுங்கள் ஆச்சி என்று சொல்ல எனக்கு ஆசைதான். வாய் வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் நான் சொன்னால் நானும் அவருக்கு நிறம் சொல்கிற இன்னொரு ஆள் ஆகிவிடுவேன். உள்ளே இருக்க வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. இந்த வயதில் அவருக்கு யாரோடும் வழக்காட விருப்பம் இல்லாமல் இருக்கலாம். எல்லா வீடும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புருஷனை இழந்த பிறகும் அரக்குக் கண்டாங்கி கட்டி, பொட்டு வைத்து, கோவிலுக்கு வருகிற ஆச்சிமாரை இப்போது பார்க்கிறேன். அவர்களைப் பார்த்தால் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவேன்.

ஆண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறோம். அவர்களுக்கு நிறமே கொடுக்கப்படவில்லை என்பது என் கட்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மிஞ்சிப்போனால் கட்டம் போட்டது. கட்சிக்காரர் என்றால் கரையில் மட்டும் கொஞ்சம் நிறம், அதுவும் கட்சியின் நிறம். தைப்பூசம் வரட்டும். குன்றக்குடியில் கூடிக் காவடியோடு பழனிக்கு நடக்கிற நகரத்தார் கூட்டம் போனபின், அதே சாலையில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் பச்சையும் காவியும் உடுத்தி நடப்பார்கள். வருஷம் முழுக்கச் சாம்பல் பேண்டில் திரிகிற மனிதர் அன்றைக்குக் கிளிப்பச்சை வேட்டியில் நிமிர்ந்து நடக்கிறார். முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிற நாளில் காரைக்குடித் தெருக்கள் மஞ்சளாகிவிடும். சாமி பெயரைச் சொன்னால் யாரும் எந்த நிறத்தையும் கேள்வி கேட்பதில்லை. அந்தச் சலுகை சாதாரண செவ்வாய்க்கிழமைக்கும் வேண்டும் என்கிறேன்.

வீடு கட்டும்போது மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் நிறத்துக்குப் பயப்பட்டதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். கடையைப் பெரிதாக்கியபோது தரைக்கு ஆத்தங்குடிக் கல் எடுக்கப் போனேன். அங்கே வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூவோ கட்டமோ வெட்டிய அச்சு. சிமெண்டில் கலந்து கரைத்த நிறங்களைக் கரண்டியால் அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த மணல் சிமெண்ட், அதன் மேல் ஈரக் கலவை வைத்து அழுத்திச் சமப்படுத்துகிறார்கள். சூளை கிடையாது. காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். கண்ணாடி பிரிந்து வரும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. சிமெண்டின் காரத்துக்குத் தாக்குப்பிடிக்கிற நிறமிகளைத்தான் இதில் போட முடியும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இரும்பு ஆக்சைடு. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க, இந்தத் தரைக்குப் பளபளப்பு ஏறும்.

நான் மஞ்சளும் கருப்பும் அரக்கும் சேர்ந்த பூக்கல் கேட்டேன். "சின்னக் கடைக்கு இது கண்ணை உறுத்தும், க்ரீம் போட்டுக்கலாமே" என்றார் கூட வந்த கொத்தனார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளின் முகப்பில் நீலமும் பச்சையும் சிவப்பும் கொட்டிக் கிடக்கின்றன, அதைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். சின்ன இடத்தில் இருக்கிறவர்கள் மட்டும் ஏன் அடங்கிய நிறத்தில் இருக்க வேண்டும்? பூக்கல்லே போட்டேன். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

என் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பிடித்த நிறம் கருப்பு. சுடிதார், சட்டை, கைக்கடிகாரத்தின் வார், தண்ணீர் பாட்டில், எல்லாம் கருப்பு. "நல்ல நாளும் பொழுதுமா கருப்பு ஆகாதுடி" என்று என் அம்மா திட்டுவார். மாலை போட்டு மலைக்குப் போகிறவன் கருப்பு கட்டலாம், பெரியார் தொண்டர்கள் 1940-களில் இருந்து கொள்கைக்காகக் கருப்புச் சட்டை போடலாம், கண்டாங்கியில் கருப்புக் கட்டம் இருக்கலாம், ஒரு பெண் பிடித்திருக்கிறது என்று போட்டால் மட்டும் அபசகுனம். அவளிடம் காரணம் கேட்டேன். "வேற கலர் போட்டா கலரைப் பாக்குறாங்கம்மா. இதைப் போட்டா நான் சொல்றதைக் கேக்குறாங்க" என்றாள். எனக்குக் கருப்பு பிடிக்காது, ஆனால் இந்தப் பதிலை மறுக்க முடியவில்லை. சென்ற தீபாவளிக்கு அவள் எடுத்ததும் கருப்புதான். புதுத் துணியில் மஞ்சள் வைக்காமல் உடுத்தக் கூடாது என்று அவளுடைய அப்பத்தா பிடிவாதம். கடைசியில் காலருக்கு உள்ளே மஞ்சள் தடவிக் கொடுத்தார், இவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

எந்த நிறம் என்னுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடையில் கேட்கிறார்கள், குறிப்பாக நாற்பது தாண்டியவர்கள். நான் சொல்வது இதுதான். சேலையில் தொடங்காதீர்கள், அது செலவு, பிடிக்காவிட்டால் மனம் கஷ்டப்படும். ரவிக்கையில் தொடங்குங்கள். இதுவரை உங்களுக்கு ஆகாது என்று யாராவது சொன்ன நிறங்களில் மூன்று நான்கு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வைத்துப் பார்ப்பதில் பலன் இல்லை, தாடைக்குக் கீழே கழுத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். காலை பத்து மணிக்குள் வாசல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், தனியாக. எந்தத் துண்டில் உங்கள் கண் துணிக்குப் போகாமல் உங்கள் முகத்துக்கே போகிறதோ அதை எடுத்து வையுங்கள். அப்புறம் வீட்டில் யாரையும் கேட்காமல் தைக்கக் கொடுங்கள். பருத்தியாக இருந்தால் ஒரு மீட்டருக்கு மேல் பத்து சென்டிமீட்டர் சேர்த்து எடுங்கள், நனைந்தால் சுருங்கும். துணியையும் லைனிங்கையும் தனித்தனியாக நனைத்து, நிழலில் காயவைத்து எடுத்து வந்தால் அன்றைக்கே வெட்டிவிடலாம்.